தப்பான ட்ராக்கே அனுப்புங்க

என் வாய் கோணிக்கொண்டது ஒரு திங்கட்கிழமை காலையில். பல் விளக்கிவிட்டுக் கொப்பளித்தால், துப்புவதற்கு முன்னாலேயே தண்ணீர் வலது ஓரமாக ஒழுகி நைட்டியை நனைத்தது. கண்ணாடியில் பார்த்தேன். சிரித்துப் பார்த்தேன். இடது பாதி முகம் சிரித்தது, வலது பாதி எனக்கென்ன என்று சும்மா இருந்தது. வீட்டுக்காரரைக் கத்திக் கூப்பிட்டேன். அவர் ஓடி வந்து பார்த்து, முகம் வெளிறி, "ஒருக்களிச்சுப் படுத்திருப்ப, அதான்" என்றார். பயந்தால் அவர் இப்படித்தான் எதையாவது உளறுவார்.

முகவாதம் என்றார் டாக்டர். மூளையில் ஒன்றுமில்லை, முகத்துக்குப் போகிற நரம்பு வீங்கியிருக்கிறது, மாத்திரையும் பயிற்சியும் போதும், பெரும்பாலானவர்களுக்குச் சரியாகிவிடும் என்றார். "பெரும்பாலானவங்கள்ல நான் வருவேனா?" என்று கேட்டேன். "பொறுமையா இருங்க மேடம்" என்றார். பொறுமைக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். ஆர்.எஸ்.புரத்தில் நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். ஒரே ஃப்ரேமை நாலு தடவை மாட்டிக் கழற்றுகிற வாடிக்கையாளரிடம்கூட என்னால் வாயை மூடிக்கொண்டு நிற்க முடியாது.

வலது கண் மூட மறுத்ததால் நானே என் கடையிலிருந்து ஒரு கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். வந்தவர்கள் "புது மாடலுங்களா?" என்று விசாரித்தார்கள். அதைப் பொறுத்துக்கொள்ளலாம். சோற்றை ஒரு பக்கமாகவே மெல்லலாம். பொறுக்க முடியாதது ஒன்றே ஒன்றுதான். நான் சாக்ஸபோன் வாசிக்கிறவள். அதன் வாய்ப்பகுதியை இரண்டு உதடும் சுற்றிப் பிடித்தால்தான் சத்தம் வரும். ஒரு பக்கம் தளர்ந்தால் காற்று அந்த வழியாகப் போய்விடும், கூடவே எச்சிலும். கல்யாணமாகி, பிள்ளைகளை வெளியூர்ப் படிப்புக்கு அனுப்பிய பிறகு, எனக்கே எனக்கென்று நான் ஆரம்பித்த ஒரே காரியம் அது. அது போய்விட்டால் எனக்கு என்ன மிச்சம்?

நான் தனியாக வாசிப்பவள் அல்ல. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் பல்லடத்தில் நாலு பேர் கூடுவோம். இடம், கிடார் வாசிக்கிற அண்ணனின் கோழிப்பண்ணை. மாற்றுக் கண்ணாடிக்காக என் கடைக்கு வந்தவர், மூலையில் சாய்த்து வைத்திருந்த பெட்டியைப் பார்த்து, "ஏனுங்க, அந்தப் பொட்டில என்னங்க?" என்று கேட்டதில் ஆரம்பித்த பழக்கம். தீவனம் வைக்கிற குடோன் ஒன்றைக் காலி செய்து, சுவர் முழுக்க முட்டை அட்டைகளை ஒட்டி வைத்திருக்கிறார். எங்கள் சத்தத்தில் கோழிகள் மிரண்டால் முட்டை குறைந்துவிடும் அல்லவா, அதற்காக. பேஸ் கிடார், கோயமுத்தூர் பழைய ஊருக்குள் கார் சீட் கவர் கடை வைத்திருக்கிற பாய். டிரம்ஸ், மதுக்கரையில் சிமெண்ட் ஆலை வேலையிலிருக்கும் ஒரு தம்பி. என்னதான் குளித்துவிட்டு வந்தாலும் அவர் டிரம் பையைத் திறந்தால் கொஞ்சம் வெள்ளைத் தூசி பறக்கும்.

நாங்கள் வாசிப்பது பெரிய சங்கதி ஒன்றுமில்லை. நாலு தட்டு சேர்ந்தால் ஒரு பார். பார் என்றதும் வேறு பார் நினைவுக்கு வருகிறவர்கள் மன்னிக்கவும். பன்னிரண்டு பார் போனால் ஒரு சுற்று. அந்தச் சுற்றுக்குள் கிடார் ஒரு வரிசையில் கார்டுகளை, அதாவது சேர்ந்து ஒலிக்கிற சுரக்கூட்டுகளை, மாற்றிக்கொண்டே போகும், முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து வரும். அதன் மேல் ஒருவர் தனக்கு அந்த நேரம் தோன்றியதை வாசிக்க வேண்டும். எழுதி வைத்து வாசிப்பதில்லை. கீழே கார்டு மாறினால் மேலே நாமும் மாற வேண்டும். எண்ணிக்கை தவறினால் பொள்ளாச்சி பஸ் என்று நினைத்து மேட்டுப்பாளையம் பஸ்ஸில் ஏறின மாதிரிதான்.

இதில் எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. யாரும் முதலில் வாசிக்க மாட்டார்கள்.

"நீங்க வாசிங்க பாய்."

"அட, நீங்க இருக்கறப்ப நானுங்களா? அக்கா வாசிக்கட்டுங்க."

"அம்மணி வாசிச்சா நல்லாத்தான் இருக்கும். தம்பி, நீங்க என்ன சொல்றீங்க?"

"எனக்கு என்னங்ணா, யார் வாசிச்சாலும் சரிங்க."

இவர்கள் மரியாதை கொடுத்து முடிப்பதற்குள் ஒரு சுற்று முழுக்கக் காலியாகப் போய்விடும். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்து நானே புகுந்து வாசித்துவிடுவேன். நான் அந்தக் குழுவில் முதலில் வாசிக்கிறவள் ஆனது இப்படித்தான், திறமையினால் அல்ல. இன்னொரு பழக்கமும் அவர்களுக்கு உண்டு. யாராவது தப்பாக வாசித்தால் சொல்லவே மாட்டார்கள். சொல்கிறவள் நான் ஒருத்திதான். எண்ணிக்கையில் நான் கொஞ்சம் கறார். "அண்ணா, கார்டு முன்னாடியே மாத்திட்டீங்க" என்பேன். "ஆமாங்க, மாத்திப்போட்டேனுங்க" என்று அடுத்த நொடி ஒப்புக்கொள்வார். நான் சொன்னதுதான் தப்பு என்றிருந்தாலும் அவர் அப்படித்தான் ஒப்புக்கொண்டிருப்பார் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அண்ணனின் மகளுக்குத் தை மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அந்தப் பெண் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து குடோன் வாசலில் முட்டை அட்டை அடுக்கின் மேல் உட்கார்ந்து நாங்கள் வாசிப்பதைக் கேட்டவள். "அத்தை, ரிசப்ஷனுக்கு ஆர்க்கெஸ்ட்ரா எல்லாம் வேண்டாம்னு அப்பாகிட்ட சொல்லிட்டேன். நீங்க நாலு பேரும் இங்க வாசிக்கறதையே அங்க வாசிக்கணும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டிருந்தாள். நானும் பெரிதாகத் தலையாட்டியிருந்தேன். வாய் கோணியது அதற்குப் பிறகு.

கொஞ்ச நாள் மாத்திரை சாப்பிட்டபின், ஆசை யாரை விட்டது, ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் தூக்கிக்கொண்டு பல்லடத்துக்குப் போனேன். மூன்று பேரும் என் முகத்தைப் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. வாசிக்க ஆரம்பித்தேன். ஒரு சுற்று எப்படியோ போனது. சத்தம் என்று சொல்ல முடியாது, கிழிந்த டியூபில் காற்று போகிற மாதிரி ஏதோ வந்தது. சுற்று முடிவதற்குள் வலது ஓரத்தில் எச்சில் வழிந்து, தாடையில் இறங்கி, துப்பட்டாவில் சொட்டியது. கர்சீப்பைத் தேடித் துடைத்து மறுபடி வாயில் வைப்பதற்குள் அடுத்த சுற்று என்னை விட்டுப் போயிருந்தது. மறுபடி முயன்றேன். அதே கதை. நிமிர்ந்து பார்த்தேன். தம்பி மேலே ஓடுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாய் சுருதி சரியாக இருந்த பேஸுக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் மட்டும் தலையைக் குனிந்து, கால் பெருவிரலால் தரையில் தட்டிக்கொண்டிருந்தார்.

"கடையில ஆள் இல்லீங்ணா, நான் கெளம்பறேன்" என்றேன். ஞாயிற்றுக்கிழமை என் கடை திறப்பதில்லை என்பது மூன்று பேருக்கும் தெரியும். "ஆமாங்க, கடையப் பாக்கோணுமில்லீங்க. பாத்துப் போங்க அம்மணி" என்றார் அண்ணன். சூலூர் வரும்வரை காரில் அழுதேன். வலது கண் சும்மாவே நீர் வடித்துக்கொண்டிருந்த காலம் அது. அன்றைக்கு இடதும் சேர்ந்துகொண்டது.

அடுத்த நாள் ஃபோன் செய்து, ரிசப்ஷனுக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். "பாத்துக்கலாமுங்க" என்றார் அண்ணன். எங்கள் ஊரில் இந்தச் சொல்லுக்குச் சரி என்றும் அர்த்தமில்லை, இல்லை என்றும் அர்த்தமில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது.

முகத்துக்குப் பயிற்சி கொடுத்த பெண், ஊதுவது உதட்டுக்கு நல்லதுதான் என்றாள். தினமும் கொஞ்சம் வாசியுங்கள், மெதுவாக, வருத்தாமல், வலித்தால் நிறுத்திவிடுங்கள் என்றாள். வாசிக்கலாம், ஆனால் கீழே கார்டு வாசிக்க யார் இருக்கிறார்கள்? இந்த முகத்தோடு பல்லடம் போக மாட்டேன் என்று எனக்கு நானே சபதம் எடுத்தாயிற்று. வீட்டுக்காரருக்கு இசையில் தெரிந்தது குக்கர் விசில் மட்டும். ஆகவே ட்ராக் தேட ஆரம்பித்தேன். கிடார், பேஸ், டிரம்ஸ் எல்லாம் அதிலேயே இருக்கும், நாம் மேலே வாசித்துக்கொள்ள வேண்டியதுதான். இப்படித் தனியாக உட்கார்ந்து பழகுகிறவர்களுக்கென்றே உலகத்தில் யார் யாரோ வாசித்து இணையத்தில் போட்டு வைத்திருக்கிறார்கள்.

தேடினேன் தேடினேன், அப்படித் தேடினேன். மெதுவானது வேண்டும் என்று கேட்டால், சூரியன் மறைகிற படத்தைப் போட்டு, ராத்திரி முழுக்க ஓடுகிற ஒன்றைக் காட்டியது. அது தூங்குவதற்கு. சுலபமானது வேண்டும் என்றால், கிடார்காரர்கள் தங்கள் வசதிக்குப் போட்டது வந்தது. அவர்களுக்குப் பிடித்த சுருதி எல்லாம் சாக்ஸுக்கு முள். ஒன்றில் ஏற்கனவே ஒரு சாக்ஸபோன் பிரமாதமாக வாசித்துக்கொண்டிருந்தது. அப்புறம் நான் எதற்கு? இன்னொன்று எல்லா விதத்திலும் அமைந்து, மகிழ்ந்து, வாயில் வைத்து ஊதினால், பாதிச் சுற்றில் அப்ரூவ்டு வீட்டு மனைகள் வாங்கலையா என்று ஒருவர் கத்தினார். மூன்று பேர் வாசிக்கிற பேண்டை ஃபோனுக்குள்ளேயே வைத்திருக்கிற ஆப் ஒன்றும் கிடைத்தது. வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம். குறைத்தேன். மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் காய்ச்சல் வந்த மாதிரி ஆகிவிட்டது.

அன்றைக்கு இந்த ட்ராக் போட்டவர்கள் எல்லாரையும் நான் திட்டாத திட்டு இல்லை. இப்போது நினைத்தால் பாவமாக இருக்கிறது. எந்த ஊரிலோ ஒரு அறையில் உட்கார்ந்து, ஆர்.எஸ்.புரத்தில் வாய் கோணிய ஒருத்தி இருக்கிறாள் என்றே தெரியாமல், எனக்காகவும்தான் வாசித்திருக்கிறார்கள். அவர்கள் மேல் குற்றமே இல்லை. எந்த ட்ராக்காக இருந்தாலும் எனக்கு ஒரே இடத்தில்தான் அறுந்தது. ஒரு சுற்று தாக்குப்பிடிப்பேன். சுற்று முடியும்போது வாய் ஓரம் நிறைந்துவிடும். துடைத்துவிட்டு வருவதற்குள் ட்ராக் போய்விடும். அதற்கு ஈவு இரக்கம் கிடையாது, நிற்காது. நான் ஃபோனைச் சோபாவில் தூக்கி எறிவேன். வீட்டுக்காரர் வந்து அதை எடுத்து, துடைத்து, சார்ஜில் போடுவார்.

ஒரு நாள் அண்ணனிடமிருந்து ஃபோன்.

"சும்மாதானுங்க கூப்ட்டேன் அம்மணி. நல்லாருக்கறீங்களா?"

அவர் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கோழித் தீவனம், மழை, மகளுக்கு எடுத்த பட்டுப்புடவையின் நிறம் என்று பேசினார். நான்தான் வாயைக் கொடுத்தேன். ட்ராக் தேடி அலுத்துப்போன கதையை எல்லாம் கொட்டினேன். சுருதி சரியில்லை, வேகம் சரியில்லை, நடுவில் மனை விற்கிறான் என்றெல்லாம் புலம்பினேன். எச்சில் துடைக்கிற விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. அதை எப்படிச் சொல்வது?

"அதுக்கென்னங்க, நானே ஒண்ணு வாசிச்சு அனுப்பிச்சு உடட்டுங்களா?" என்றார்.

மறுநாள் சாயங்காலம் வாட்ஸப்பில் வந்துவிட்டது. குடோனில் தனியாக உட்கார்ந்து, ஃபோனைத் தீவன மூட்டை மேல் வைத்துப் பதிவு செய்திருக்கிறார் போல. கிடார் மட்டும்தான். பின்னால் கோழிகள் கொக்கரிக்கின்றன. பக்கத்துக் காம்பவுண்டில் தறி ஓடுகிறது. நடுவில் அவர் மனைவி, "ஏனுங்க, காப்பி ஆறிப்போகுதுங்க" என்கிறார். முட்டை அட்டை எதையும் தடுக்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, பாதி வாயில்.

வாயில் வைத்து ஊதினேன். ஒரு சுற்று போனது. துடைத்தேன். அடுத்த சுற்றில் உள்ளே போனேன். துடைத்தேன். அதற்கடுத்த சுற்று. எங்கேயும் அறுபடாமல் ட்ராக் முடிகிறவரை வாசித்துவிட்டேன்! வாய் கோணிய பிறகு முதல் தடவையாக ஆரம்பித்ததை முடித்தேன். சத்தம் இன்னும் கிழிந்த டியூப்தான், ஆனாலும் எனக்குத் தலை கால் புரியவில்லை. சமையலறையிலிருந்து வீட்டுக்காரர் கரண்டியோடு எட்டிப்பார்த்து, "ஃபோன் இன்னிக்குத் தப்பிச்சுதா?" என்றார்.

என் புத்தி சும்மா இருந்திருக்கலாம். ரெண்டு நாள் கழித்து, சாக்ஸைக் கீழே வைத்துவிட்டு, வெறுமனே ட்ராக்கை மட்டும் ஓடவிட்டு விரல் விட்டு எண்ணினேன். பதின்மூன்று பார். மறுபடி எண்ணினேன். பதின்மூன்று. சுற்று முடிகிற இடத்தில் கடைசி கார்டை ஒரு பார் கூடுதலாக இழுத்துவிட்டுத்தான் முதலுக்கு வருகிறார். எனக்கு வந்ததே கோபம்! இதையே பழகிக்கொண்டு நாளைக்கு உண்மையான பேண்டோடு வாசித்தால் எல்லாரும் பன்னிரண்டில் திரும்புவார்கள், நான் மட்டும் பேக்கு மாதிரி ஒரு பார் தள்ளி நிற்பேன். உடனே ஃபோனைப் போட்டேன்.

"ஏனுங்ணா, எண்ணிக்கை தப்பா வாசிச்சிருக்கீங்க. பதிமூணு வருது!"



"அப்படிங்களா?"

"நான் ரெண்டு வாட்டி எண்ணிட்டேன். இத்தனை வருஷமா வாசிக்கறீங்க, பன்னெண்டு எண்ணத் தெரியாதுங்களா?"

"தப்பிப்போச்சுங்க அம்மணி. கல்யாண வேலைல நெனப்பு எங்கியோ இருந்துருச்சு. வேற வாசிச்சு அனுப்பறனுங்க."

சொன்ன மாதிரியே வேறு வந்தது. எண்ணினேன். பன்னிரண்டு, சுத்தமாக. பழையதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அழித்தும்விட்டேன். பெருமையோடு சாக்ஸை எடுத்து வைத்தேன். முதல் சுற்று போனது. துடைத்தேன், அதற்குள் கிடார் முதல் கார்டைத் தாண்டியிருந்தது. மறுபடி முதலிலிருந்து. மறுபடி அதே இடத்தில் அறுந்தது. நாலு நாள் இப்படியே போராடினேன். ஐந்தாம் நாள் ஃபோன் மறுபடி சோபாவுக்குப் பறந்தது.

வீட்டுக்காரர் அதை எடுத்துச் சார்ஜில் போட்டபடி, "முன்னாடி வந்ததுல நீ நிக்கவே இல்லையே. இதுல மட்டும் எதுக்கு நின்னு நின்னு போற?" என்றார்.

"முன்னாடி வந்தது தப்பு" என்றேன்.

"எனக்கு என்ன தெரியும்? கேக்கறதுக்கு அதுதான் நல்லா இருந்துது" என்று போய்விட்டார்.

நான் அப்படியே உட்கார்ந்தேன். மனுஷன் ஒரு தடவை எண்ணிக்கை தவறினால் அது தப்பு. ஒவ்வொரு சுற்றிலும், அதே இடத்தில், அதே ஒரு பார் தவறுவானா? அதுவும், இப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது, அந்த ஒரு பாரில் மட்டும் அவர் கிடாரைத் தணித்து வாசித்திருந்தார். கோழிச் சத்தம் அங்கேதான் தெளிவாகக் கேட்டது. அன்றைக்குக் குடோனில் மற்ற இருவரும் ஃபேனையும் பேஸையும் பார்த்தபோது, இந்த மனிதர் தலையைக் குனிந்து கால் விரலால் தரையில் தட்டிக்கொண்டிருந்தார். கர்சீப்பை எடுத்து, துடைத்து, மறுபடி வாயில் வைக்க எனக்கு எத்தனை தட்டு ஆகிறது என்று எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். நாலு தட்டு. ஒரு பார்.

எச்சில் துடைக்க உங்களுக்கு நேரம் விட்டிருக்கிறேன் என்று அவர் சொல்லியிருக்கலாம். சொன்னால் நான் கூசிப்போவேன் என்று சொல்லவில்லை. பன்னிரண்டு எண்ணத் தெரியாதா என்று நான் கேட்டதற்கு, தெரியாதவராகவே இருந்துவிட்டுப் போனார். என் கூடப் பிறந்தவர்கள்கூட என்னை இப்படித் தாங்கியதில்லை. நான் கத்தியதை நினைத்து வெட்கமாகவும் இருந்தது, இப்படி ஒரு மனிதர் நமக்கு வாய்த்தாரே என்று சந்தோஷமாகவும் இருந்தது.

இப்போது பழையது வேண்டும். அழித்துத் தொலைத்துவிட்டேனே. ஃபோனை எடுத்து வைத்து, எடுத்து வைத்து, கடைசியில் அழைத்தேன்.

"அண்ணா, அந்த மொதல் ட்ராக் இருக்குதுங்களா?"

"அது தப்புங்களே அம்மணி."

"பரவாயில்லீங்ணா. தப்பான ட்ராக்கே அனுப்புங்க."



"சரிங்க" என்றார். "அழிக்கோணும்னு நெனச்சனுங்க. மறந்துபோட்டேன்."

நன்றி என்று நாக்கு நுனி வரை வந்தது. சொல்லியிருந்தால் அவர் செய்தது எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்துவிடும். அத்தனை பாடுபட்டு மறைத்ததை நான் எதற்கு உடைக்க வேண்டும்? "மகளுக்கு என்ன கலர்ல பொடவை எடுத்தீங்கன்னு சொன்னீங்க?" என்று கேட்டேன். "மாம்பழக் கலருங்க" என்றார்.

அதன் பிறகு தினமும் சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு அந்த ட்ராக்கோடு வாசித்தேன். கோழிகள் கொக்கரிக்க, காப்பி ஆற, சுற்றுக்கு ஒரு தடவை துடைத்துக்கொண்டு. மார்கழி பிறந்தபோது ஒரு நாள் காப்பியை டம்ளரிலேயே குடித்து முடித்துவிட்டு, சட்டென்று கவனித்தேன், ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. இன்னொரு நாள் கடைக்கு வந்த குழந்தை ஒன்று பெரிய கண்ணாடியை மாட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்துச் சிரித்தேன். எதிர்க் கண்ணாடியில் என் இரண்டு பக்கமும் சிரித்தது. வலது பக்கம் கொஞ்சம் தாமதமாக. அந்தக் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சிவிட்டேன். அதன் அம்மா ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

துடைக்கிற வேலை மெல்ல மெல்லக் குறைந்து நின்றே போனது. பன்னிரண்டு பார் ட்ராக்கையும் எடுத்து வைத்துப் பார்த்தேன். வழுக்கிக்கொண்டு போனது. ஃபோனுக்குள்ளிருந்த காய்ச்சல்காரப் பேண்டோடும் வாசித்தேன், அதிலும் அறுபடவில்லை. தை பிறந்ததும் அண்ணனைக் கூப்பிட்டு, "ரிசப்ஷனுக்கு வாரேனுங்ணா" என்றேன். "வாங்க" என்றார். அவ்வளவுதான். வேறு ஆள் பார்த்தீர்களா என்று நான் கேட்கவில்லை. பார்க்கவில்லை என்று எனக்குத் தெரியும். கல்யாண வேலைகளுக்கு நடுவில் நாலு பேரும் ஒன்றாக உட்கார்ந்து வாசித்துப் பார்க்க நேரம் கிடைக்கவில்லை. இத்தனை வருஷம் வாசித்ததுதானே என்று விட்டுவிட்டோம்.

பல்லடத்தில் மண்டபம். சாயங்காலம் ஏழு மணிக்கெல்லாம் கூட்டம் நிரம்பிவிட்டது. மாம்பழக் கலர் புடவையில் அந்தப் பெண் மேடையில் நின்று, எங்களைப் பார்த்துக் கையசைத்தாள். நாங்கள் மேடைக்குப் பக்கத்தில் நாலு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். பட்டு வேட்டியில் அண்ணன், வெள்ளைச் சட்டையில் பாய். தம்பி டிரம் பையைத் திறந்தபோது வழக்கம்போலத் தூசி பறந்தது.

"நீங்க ஆரம்பிங்க பாய்."

"பொண்ணைப் பெத்தவர் நீங்க இருக்கறப்ப..."

"அட, வாசிங்கப்பா!" என்றேன் நான். மூன்று பேரும் சிரித்தார்கள். வாசிக்க ஆரம்பித்தோம்.

முதல் சுற்றில் நான் உள்ளே போனேன். சத்தம் வந்தது. கிழிந்த டியூப் இல்லை, பழைய சத்தம், என் சத்தம். அந்தப் பெண் மாப்பிள்ளையின் முழங்கையை இடித்து என்னைக் காட்டினாள். கார்டுகள் ஒவ்வொன்றாக மாற, நானும் மாறிக்கொண்டே போனேன். சுற்று முடிகிற இடம் வந்தது. வாய் காய்ந்தே இருந்தது. அடுத்த சுற்றுக்குள் போக மூச்சை இழுத்துத் தயாரானேன்.

கிடார் திரும்பவில்லை. அண்ணன் கடைசி கார்டிலேயே நின்று, சத்தத்தைத் தணித்தார். அவர் ஒருவர் மட்டுமல்ல. பேஸும் அங்கேயே நின்றது. டிரம்ஸும் அடக்கி வாசித்துக்கொண்டு நின்றது. பந்தியில் பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்டது. முன் வரிசையில் தாளம் போட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவருக்குக் கை தப்பி, சுற்றுமுற்றும் பார்த்தார். தம்பி மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாய் பேஸின் முறுக்காணியை முறைத்துக்கொண்டிருந்தார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். எனக்குத் தெரியாமல் மூன்று பேரும் உட்கார்ந்து பதின்மூன்று பார் பழகியிருக்கிறார்கள்.

துடைக்க ஒன்றும் இல்லை. நான் இழுத்த மூச்சை மெதுவாக விட்டேன். மடியிலிருந்த கர்சீப்பை எடுத்து, காய்ந்திருந்த வலது ஓரத்தை நிதானமாக, நாலு தட்டும் ஆகிறவரை, துடைத்துக்கொண்டேன். அப்புறம் எல்லாரும் சேர்ந்து முதல் கார்டுக்குத் திரும்பினோம்.